தலைக்கு மேல பத்து டன்: ஒரு கிரேனை 'செக்' பண்றதுன்னா என்ன?

(எபிசோடின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாகச் சில இடங்களைச் சுருக்கி, வரிசைப்படுத்தியிருக்கிறேன்.)

இந்த வாரம் ஸ்டார்ட்அப் இல்ல, ஏ.ஐ. இல்ல. இந்த வாரம் கிரேன்.

மயிலாப்பூர், ஆழ்வார்பேட்டை, தி.நகர் பக்கம் இருக்கிறவங்களுக்கு கிரேன் ஒண்ணும் புதுசு இல்ல. மெட்ரோ இரண்டாம் கட்ட வேலை ஆரம்பிச்சதிலிருந்து தகரத் தடுப்புக்கு மேல ஏதாவது ஒண்ணு நீட்டிக்கிட்டு நிக்குது. 2023 செப்டம்பரில் லைட்ஹவுஸ் பக்கத்திலிருந்து 'ஃபிளமிங்கோ' என்கிற சுரங்கம் தோண்டும் இயந்திரம் கிளம்பியது. அது தோண்டுற மண் மேல வரணும். சுரங்கத்துக்குச் சுவராகிற கான்கிரீட் துண்டுகள் கீழ போகணும். ரெண்டுமே தூக்குற வேலைதான். நாம பக்கத்துலயே நின்னு டீ குடிச்சுட்டுப் போயிடுறோம்.

கிரேன் நியூஸில் வருவது விழுந்த பிறகுதான். மூணு சம்பவம் சொல்றேன்.

2020 பிப்ரவரி 19 இரவு, பூந்தமல்லி பக்கம் ஈ.வி.பி. ஃபிலிம் சிட்டியில் 'இந்தியன் 2' படப்பிடிப்புத் தளத்தில் கிரேன் சாய்ந்தது. மூன்று பேர் இறந்தார்கள். ஒருவர் உதவி இயக்குநர். அதே வருஷம் ஆகஸ்ட் 1, விசாகப்பட்டினம் ஹிந்துஸ்தான் ஷிப்யார்டில் 70 டன் கிரேன் ஒன்று சோதனை ஓட்டத்தின்போதே சரிந்து 11 பேர் இறந்தார்கள். 2023 ஜனவரி 22 இரவு, அரக்கோணம் அருகே கீழ்வீதி கிராமத்தில் கோயில் திருவிழா. சாமிக்கு மாலை போட ஆட்களைத் தூக்கியிருந்த கிரேன் கவிழ்ந்து நான்கு பேர் இறந்தார்கள்.

சினிமா செட், கப்பல் கட்டும் தளம், கோயில் திருவிழா. மூணுக்கும் எல்லாரும் கேட்ட கேள்வி ஒண்ணே: "செக் பண்ணலையா?"

இந்த எபிசோடுக்குக் காரணமும் அந்தக் கேள்விதான். என்னோட இன்ஜினியரிங் படிச்ச ஒருத்தன் இப்போ ஒரு ஃபேப்ரிகேஷன் ஷாப்ல மெயின்டனன்ஸ் பார்க்கிறான். பேரும் ஊரும் வேண்டாம். அங்க பத்து டன் ஓவர்ஹெட் கிரேன் ஒண்ணு இருக்கு. தினமும் போட வேண்டிய செக்லிஸ்ட்டை மாசக் கடைசியில ஒரே உட்காரலில் முப்பது நாளுக்கும் சேர்த்துக் கையெழுத்துப் போடச் சொல்றாங்களாம். "கிரேன்தான் ஓடிக்கிட்டே இருக்கே மச்சி, போட்டா என்ன?"ன்னு கேட்டான்.

அதுக்கு ஒரு வரியில பதில் சொல்ல முடியலை. அந்தக் கையெழுத்து எதுக்கெல்லாம் உத்தரவாதம் கொடுக்குதுன்னு பார்த்தால்தான் பதில் கிடைக்கும். வாங்க பார்ப்போம்.

ஓவர்ஹெட் கிரேன் எப்படி இருக்கும்?

ரோட்டுல பார்க்கிற மொபைல் கிரேன் நமக்குத் தெரியும். லாரி மாதிரி ஒரு வண்டி, அதிலிருந்து நீளமா ஒரு பூம். அதோட பெரிய எதிரி கவிழ்தல். பார்க்குல இருக்கிற ஸீ-ஸா மாதிரிதான். 5 மீட்டர் தூரத்தில் 2 டன் தூக்கினால் கவிழ்க்கும் விசை 10 டன்-மீட்டர். அதே கிரேன் 10 மீட்டர் தூரத்துக்குக் கையை நீட்டினால் 1 டன்னே அந்த அளவை எட்டிவிடும். எடை கூடவே இல்லை, தூரம் மட்டும்தான் கூடியது. கீழே தரை இளகியிருந்தாலோ சரிவாக இருந்தாலோ கணக்கு இன்னும் மோசம்.

தொழிற்சாலைக்குள் இருப்பது வேற ரகம். ஈ.ஓ.டி. கிரேன்னு சொல்வாங்க. ஷெட்டோட ரெண்டு பக்கச் சுவர் ஓரமா, உயரத்துல, தண்டவாளம். அந்த ரெண்டுக்கும் குறுக்கே பாலம் மாதிரி ஒரு கர்டர். கர்டர் மேல ஒரு டிராலி. டிராலியில மோட்டார், டிரம், வயர் ரோப், கடைசியில ஹூக். பாலம் நீளவாக்கில் ஓடும், டிராலி குறுக்குவாக்கில் ஓடும், ஹூக் மேலும் கீழும் போகும். ஷெட்டுக்குள்ள எந்த மூலையில இருக்கிற பொருளையும் எடுத்து எந்த மூலையிலும் வைக்கலாம்.

ரெண்டு பக்கமும் தாங்கல் இருப்பதால் இது மொபைல் கிரேன் மாதிரி கவிழாது. அதனாலேயே ஒரு தைரியம் வந்துடும். ஆனா இதுக்கு வேற பலவீனங்கள் இருக்கு: ரோப், ஹூக், பிரேக், லிமிட் சுவிட்ச், அப்புறம் பொருளைக் கட்டுற விதம். ஒவ்வொண்ணா போவோம்.

ரோப்: உடையறதுக்கு முன்னாடி பேசும்

சங்கிலியில ஒரு கண்ணி போனா மொத்தமும் போச்சு. முன்னறிவிப்பே கிடையாது. ஜெர்மனியில் ஹார்ஸ் மலைப்பகுதிச் சுரங்கங்களில் இந்தத் தொல்லை அதிகம். 1834-இல் வில்ஹெல்ம் ஆல்பர்ட் என்கிற சுரங்க அதிகாரி இரும்புக் கம்பிகளை முறுக்கிக் கயிறாக்கினார். வயர் ரோப் அங்கதான் தொடங்குது.

நம்ம ஊர்க்காரங்களுக்கு இது சுலபமா புரியும். கபாலீஸ்வரர் கோயில் தேர் வடத்தை நினைச்சுக்கோங்க. நூறு புரி சேர்ந்து இழுக்கும்போது ரெண்டு புரி அறுந்தாலும் தேர் நிக்காது. கிரேன்ல பரவலா இருக்கிற ஒரு வகை ரோப்பில் 6 புரி, ஒவ்வொண்ணுலயும் 36 கம்பி. மொத்தம் 216 கம்பி, நடுவில் தனியா ஒரு கோர். எங்க மொழியில சொன்னா, 216 சர்வர் ஒரே வேலையைப் பகிர்ந்துக்குது.

இதோட லாபம், ரோப் ஒரே நொடியில் சாகறது அபூர்வம். கப்பி மேல வளைஞ்சு நிமிர்ந்து, வளைஞ்சு நிமிர்ந்து, கம்பிகள் ஒண்ணொண்ணா களைச்சு அறும். அறுந்த முனை வெளியே நீட்டிக்கிட்டு நிக்கும். ரோப் நமக்கு முன்னாடியே தகவல் சொல்லுது. கேட்க ஆள் இருக்கணும்.

எப்படிக் கேட்கிறது? ஒரு பருத்தித் துணியை ரோப்பைச் சுத்திப் பிடிச்சு மெதுவா நகர்த்துவாங்க. அறுந்த கம்பி இருந்தா துணி மாட்டும். வெறும் கையால செய்யக் கூடாது, கம்பி உள்ளங்கையில ஏறிடும். மாட்டின இடத்துல எண்ணணும். ஒரு புரி ரோப்பை ஒரு முழுச் சுற்று சுற்றிவரும் நீளத்தை ஒரு 'லே' என்பார்கள். அமெரிக்காவின் ஏ.எஸ்.எம்.இ. பி30.2 தரநிலைப்படி, ஒரு லே நீளத்துக்குள் அங்கங்கே 12 கம்பி அறுந்திருந்தாலோ, ஒரே புரியில் 4 அறுந்திருந்தாலோ அந்த ரோப்பை மாற்றியாக வேண்டும். 216-ல 12 தானேன்னு தோணும். வெளியே தெரியறது 12 என்றால் உள்ளே தெரியாதது எத்தனை என்பதுதான் பயம். இது தவிர விட்டம் குறைஞ்சிருக்கா, துரு இருக்கா, நசுங்கியிருக்கா, கூண்டு மாதிரி புரி விரிஞ்சிருக்கா என்றும் பார்க்கணும்.

ஹூக்: விரியறதே ஒரு சிக்னல்

கிரேன் ஹூக்கை வேணும்னே கொஞ்சம் இளகுற தன்மையுள்ள எஃகில் ஃபோர்ஜ் பண்றாங்க. அதிகப் பளு வந்தா பட்டுனு உடையாம, முதல்ல வாய் விரியணும் என்பதற்காக. விரிஞ்சதைக் கண்ணால கண்டுபிடிக்கிறது கஷ்டம். அதனால புதுசா இருக்கும்போதே வாயின் ரெண்டு பக்கமும் பஞ்ச் மார்க் அடிச்சு, தூரத்தை அளந்து எழுதி வைப்பாங்க. ஒவ்வொரு சோதனையிலும் அதே ரெண்டு புள்ளிக்கு நடுவே மறுபடி அளக்கணும். அமெரிக்க ஓஷா விதிப்படி 15 சதவீதத்துக்கு மேல் விரிந்திருந்தாலோ, 10 டிகிரிக்கு மேல் முறுக்கிக்கொண்டிருந்தாலோ அந்த ஹூக் பயன்பாட்டுக்கு லாயக்கில்லை. 100 மில்லிமீட்டர் இருந்த இடத்தில் 116 வந்தால் ஹூக் கதை முடிஞ்சது.

வெடிப்பு இருக்கான்னு பார்க்க 'டை பெனட்ரன்ட்' சோதனை. சிவப்புத் திரவத்தைப் பூசி, கொஞ்ச நேரம் ஊறவிட்டு, துடைச்சுட்டு, மேல வெள்ளைப் பவுடர் மாதிரி ஒரு பூச்சு அடிப்பாங்க. வெடிப்புக்குள்ள இறங்கின சிவப்பு மேல ஊறி வந்து தலைமுடி மாதிரி கோடு போடும். அது தெரிஞ்சா வெல்டிங் போட்டு ஒப்பேத்தக் கூடாது. ஹூக்கையே மாத்தணும்.

ஹூக் வாயில ஒரு சின்ன ஸ்பிரிங் கதவு இருக்கும், சேஃப்டி லாட்ச். ஸ்லிங் நழுவி வெளியே வராம இருக்க. பல ஷாப்ல இது உடைஞ்சு தொங்கும், இல்லன்னா "வேலைக்கு இடைஞ்சல்"னு கம்பியால கட்டி வெச்சிருப்பாங்க. ஷெட்டுக்குள்ள நுழைஞ்சதும் அந்த லாட்ச்சைப் பாருங்க. அந்த இடத்துல மத்தது எல்லாம் எப்படி நடக்குதுன்னு பாதி தெரிஞ்சுடும்.

பிரேக்: முட்டுக்கட்டைத் தத்துவம்

பங்குனித் தேருக்கே திரும்பப் போவோம். தேரை நிறுத்த என்ன பண்றாங்க? ஒருத்தர் முட்டுக்கட்டையைத் தூக்கிட்டு சக்கரத்துக்குக் கீழே போடறார். அவர் அசந்துட்டா தேர் ஓடும். அங்க நிறுத்துறதுக்கு ஒரு முயற்சி தேவை.

கிரேன் பிரேக்கில் இது தலைகீழ். ஸ்பிரிங் எப்பவுமே பிரேக்கை அழுத்திப் பிடிச்சுக்கிட்டே இருக்கும். மின்சாரத்தோட வேலை பிரேக்கை விடுவிக்கிறது மட்டும். பட்டனை விட்டாலும் சரி, ஊரே கரண்ட் கட் ஆனாலும் சரி, முட்டுக்கட்டை தானா விழுந்துடும். 'ஃபெயில் சேஃப்' என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியலை. நாங்க கோட் எழுதும்போது "எரர் வந்தா அனுமதி மறு" என்று எழுதுவதும் இதே யோசனைதான்.

ஆனா ஸ்பிரிங் தளர்ந்தா? லைனிங் தேய்ஞ்சா? எண்ணெய் பட்டா? பிரேக் விழும், பிடிக்காது. 2007 ஏப்ரல் 18, சீனாவின் லியாவ்னிங் மாகாணத்தில் சிங்ஹே ஸ்பெஷல் ஸ்டீல் ஆலை. 30 டன் உருகிய எஃகு நிரம்பிய கொப்பரையை ஓவர்ஹெட் கிரேன் தூக்கிட்டுப் போகுது. கட்டுப்பாட்டுச் சுற்றில் கோளாறு, கொப்பரை இறங்கத் தொடங்கியது, பிரேக்கால் தாங்க முடியவில்லை. கொப்பரை கவிழ்ந்து, ஷிஃப்ட் மாறும் நேரத்தில் பக்கத்து அறையில் கூடியிருந்தவர்கள் மேல் உலோகம் பாய்ந்தது. 32 பேர் இறந்தார்கள். உருகிய உலோகத்துக்கென்று வடிவமைத்த கிரேனுக்குப் பதிலாகச் சாதாரண கிரேனைப் பயன்படுத்தியிருந்தார்கள் என்று விசாரணையில் தெரிந்தது.

கிரேன் மட்டுமா பிரச்சினை? ஆள் கூடும் அறை அந்த இடத்தில் ஏன் இருந்தது? இன்ஸ்பெக்ஷன் என்பது இயந்திரத்தோட நிற்கிறது இல்ல, கீழே யார் எங்கே நிற்கிறாங்க என்பதையும் பார்க்கணும்.

பிரேக்கைச் சோதிக்கிற வழி ரொம்ப எளிமை. அதிகபட்ச அளவுக்குப் பக்கத்துல ஒரு பளுவைத் தூக்கும்போது, தரையிலிருந்து சில அங்குலம் மட்டும் தூக்கி நிறுத்து. இறங்குதான்னு பாரு. இறங்கினா அங்கேயே வை. ஆறு மீட்டர் உயரத்துல தெரிஞ்சுக்கிறதைவிட ஆறு அங்குலத்துல தெரிஞ்சுக்கிறது நல்லது.

லிமிட் சுவிட்ச்: கடைசிக் காவலாளி

ஹூக்கை மேல ஏத்திக்கிட்டே போனா ஒரு கட்டத்துல ஹூக் பிளாக் டிரம்மோட மோதும். மோட்டார் இழுத்துக்கிட்டே இருந்தா ரோப் அறும். இதைத் தடுக்கத்தான் மேல் லிமிட் சுவிட்ச். ஒவ்வொரு ஷிஃப்ட் ஆரம்பத்துலயும், ஹூக்கில் பளு இல்லாம, மெதுவா மேல ஏத்தி இது கட் பண்ணுதான்னு பார்க்கணும்.

இங்க ஒரு பழக்கம் இருக்கு. சில ஆபரேட்டர்கள் "அதுவா நிக்கும்"னு பட்டனை அழுத்திக்கிட்டே இருப்பாங்க. தினம் நாற்பது தடவை லிமிட் சுவிட்சாலேயே நிறுத்துவாங்க. ஒருநாள் அந்த சுவிட்ச் தேயும். தேஞ்சதை யாரும் பார்க்கப் போறது இல்ல. எக்ஸெப்ஷன் ஹேண்ட்லரை வழக்கமான லாஜிக்கா பயன்படுத்துற மாதிரி. கடைசிக் காவலாளியைத் தினக்கூலிக்கு அனுப்பக் கூடாது.

கீழே இறக்கும்போதும் ஒரு விதி: டிரம்மில் குறைந்தது ரெண்டு சுற்று ரோப்பாவது மிச்சம் இருக்கணும். அதுவும் போச்சுன்னா மொத்தப் பளுவும் ரோப் முனையைப் பிடிச்சிருக்கிற கிளாம்ப் மேலதான்.

ஸ்லிங்: ரங்கநாதன் தெரு கணக்கு

கிரேன் பக்காவா இருக்கு. ஆனா பொருளைக் கட்டுறது மனுஷன்தானே?

ரங்கநாதன் தெருவுல தீபாவளி ஷாப்பிங் முடிச்சு, ஒரு பெரிய பையை ரெண்டு பேர் ஆளுக்கு ஒரு காதா பிடிச்சுக்கிட்டு வர்றீங்க. ஒட்டி நடந்தா சுலபம். கூட்டத்துல ரெண்டு பேரும் விலகி விலகிப் போனா கை வலிக்கும். பை அதே பைதான். கோணம்தான் மாறிடுச்சு.

ரெண்டு கால் ஸ்லிங்கிலும் அதேதான். 1 டன் பளு என்று வைத்துக்கொள்வோம். ஸ்லிங் செங்குத்தாக இருந்தால் ஒவ்வொரு காலுக்கும் 500 கிலோ. கிடைமட்டத்திலிருந்து 60 டிகிரி கோணத்தில் இருந்தால் 577 கிலோ. 45 டிகிரியில் 707. 30 டிகிரியில் ஒவ்வொரு காலிலும் 1000 கிலோ. ஒரு டன்னை ரெண்டு பேர் தூக்குறாங்க, ஆளுக்கு ஒரு டன்! பன்னிரண்டாம் கிளாஸ் சைன் தீட்டாதான், ஆனா ஷாப் ஃப்ளோரில் இதை யாராவது சொல்லிக் கொடுத்திருக்கணும். ஸ்லிங் நீளம் பத்தலைன்னு விரிச்சுக் கட்டினா, கிரேனுக்கு ஒண்ணும் ஆகாது, ஸ்லிங்தான் அறும்.

நைலான் பெல்ட்டுன்னா ஓரத்துல வெட்டு இருக்கா, லேபிள் இருக்கா என்று பார்க்கணும். லேபிள் கிழிஞ்ச பெல்ட் எத்தனை டன் தாங்கும்னு யாருக்கும் தெரியாது. தெரியாத பெல்ட்டைத் தூக்கிப் போடணும்.

சட்டம் என்ன கேட்குது?

தொழிற்சாலைகள் சட்டம், 1948. பிரிவு 29 முழுக்கத் தூக்கும் இயந்திரங்கள், சங்கிலிகள், கயிறுகள் பத்தினது. ஒவ்வொரு தூக்கும் இயந்திரத்தையும் 12 மாதத்துக்கு ஒரு முறையாவது 'தகுதி பெற்ற நபர்' ஒருவர் முழுமையாகப் பரிசோதிக்க வேண்டும். அதைப் பதிவேட்டில் எழுத வேண்டும். எத்தனை டன் வரை தூக்கலாம் என்று கிரேன் மேலேயே தெளிவாக எழுதியிருக்க வேண்டும். சோதனைக்காகத் தவிர அதற்கு மேல் ஏற்றக் கூடாது. கிரேன் ஓடும் தண்டவாளத்தில் யாராவது வேலை செய்தால், கிரேன் அவருக்கு 6 மீட்டருக்குள் வராதபடி ஏற்பாடு செய்ய வேண்டும்.

எனக்குப் பிடிச்சது அந்தப் பிரிவில் இருக்கிற 'முழுமையான பரிசோதனை' என்பதோட விளக்கம். கண்ணால் பார்ப்பது, தேவைப்பட்டால் மற்ற வழிகள், அதுவும் போதாவிட்டால் பாகங்களைக் கழற்றிப் பார்ப்பது. பாதுகாப்பு பற்றி நம்பத் தகுந்த ஒரு முடிவுக்கு வரும் அளவுக்குக் கவனமாகச் செய்ய வேண்டும் என்கிறது. கீழே நின்னு அண்ணாந்து பார்த்துட்டு டிக் அடிக்கிறது அந்த வரையறைக்குள்ள வராது.

தமிழ்நாட்டில் இதைக் கவனிப்பது தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககம். தலைமை அலுவலகம் நம்ம கிண்டியில்தான். அந்த 'தகுதி பெற்ற நபர்' என்பது சும்மா ஒரு சீனியர் ஆள் இல்ல. படிப்பு, அனுபவம், சோதனைக் கருவிகள் எல்லாம் பார்த்து அரசு அங்கீகாரம் கொடுத்தவர்.

இதுல ஒரு புது மாற்றமும் இருக்கு. 2025 நவம்பர் 21-இல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்தன. 1948 சட்டம் அதில் ஒன்றான பணியிடப் பாதுகாப்புத் தொகுப்புக்குள் போய்விட்டது. மின்சாரம் பயன்படுத்தும் இடம் 'தொழிற்சாலை' ஆக முன்பு 10 பேர் போதும், இப்போது 20 பேர் வேண்டும். 10 பேரோ அதற்கு மேலோ இருக்கிற நிறுவனங்களுக்கான பொதுக் கடமைகள் தொடர்கின்றன. ஆனாலும் கிண்டியிலும் அம்பத்தூரிலும் 12 பேர், 15 பேர் வைத்து ஓடும் ஷெட்கள் 'தொழிற்சாலை' என்ற கணக்கில் வராது. அங்கேயும் தலைக்கு மேல 2 டன் ஹாயிஸ்ட் ஓடிக்கிட்டுத்தான் இருக்கு.

ஆரம்பத்துல சொன்ன சம்பவங்களுக்கு வருவோம். பிரிவு 29 தொழிற்சாலைக்கான சட்டம். திருவிழாத் தெரு தொழிற்சாலை இல்ல. ஒரே கிரேன் இன்னிக்கு ஒரு கட்டுமான இடத்துல நின்னா அங்க ஒரு விதிமுறை, நாளைக்கு வாடகைக்கு வேற எங்கேயோ போனா அங்க வேற நிலைமை. புவியீர்ப்பு விசைக்கு இந்த வித்தியாசம் தெரியாது. வாடகைக்கு எடுக்கிறவர்தான் "கடைசிப் பரிசோதனை ரிப்போர்ட் எங்க?"ன்னு கேட்கணும். விழாக் கமிட்டியில இருக்கிற பசங்க யாராவது இதைக் கேட்டுக்கிட்டிருந்தா, அந்த ஒரு கேள்வியைக் கேளுங்க. அதோட, பொருள் தூக்கும் ஹூக்கில் மனுஷங்களைத் தொங்கவிட எந்த ரிப்போர்ட்டும் அனுமதி கொடுக்காது.

சோதனையே ஆபத்து ஆகும்போது

புதுசா நிறுவின கிரேனுக்கு லோட் டெஸ்ட் உண்டு. இந்தியத் தரநிலை ஐ.எஸ். 3177-இன்படி 125 சதவீதம். பத்து டன் கிரேனில் 12.5 டன் தூக்கிப் பார்க்கணும். கர்டர் எவ்வளவு வளையுது, பளுவை இறக்கினதும் பழைய நிலைக்குத் திரும்புதா, பிரேக் பிடிக்குதா என்று அளப்பாங்க.

யோசிச்சுப் பாருங்க. ஒரு கிரேனோட வாழ்க்கையில ஆபத்தான நாட்களில் ஒண்ணு இது. இதுவரைக்கும் நிரூபிக்காத ஒரு இயந்திரம், வழக்கத்தைவிட அதிக பளு. விசாகப்பட்டினத்தில் 11 பேரைப் பறிகொடுத்தது ஒரு சாதாரண வேலை நாளில் இல்ல, சோதனை ஓட்டத்தில். இறந்தவர்களில் பாதிக்கு மேல் ஒப்பந்த நிறுவனங்களின் ஆட்கள். புது கோட்டை முதல்ல ஸ்டேஜிங்கில் ஓட்டுறோம், ஏன்னா உடையலாம்னு எதிர்பார்க்கிறோம். கிரேன் சோதனையும் "இது விழும்" என்று வைத்துக்கொண்டே திட்டமிட வேண்டியது. தேவையான ஆள் மட்டும், விழக்கூடிய வட்டத்துக்கு வெளியே. வேடிக்கை பார்க்க யாரும் கிட்ட வரக் கூடாது.

சென்சார் வெச்சா போதாதா?

இந்தக் கேள்வி கண்டிப்பா வரும், நம்ம கூட்டம் அப்படி. லோட் செல் வைக்கலாம், அதிகப் பளு வந்தா கிரேனே தூக்க மறுக்கும். எத்தனை தடவை தூக்கியது, எவ்வளவு தூக்கியது என்று டேட்டா சேர்க்கலாம். ரோப்பின் உள்ளே அறுந்த கம்பியைக் காந்தப்புலம் வழியாகக் கண்டுபிடிக்கும் கருவிகளும் உண்டு. எல்லாம் நல்லது. ஆனா லோட் செல்லுக்கு லாட்ச் உடைஞ்சது தெரியாது, ஸ்லிங் கோணம் தெரியாது, கீழே ஒருத்தர் குறுக்கே நடக்கிறது தெரியாது. அந்த சென்சாரையும் யாரோ ஒருத்தர் செக் பண்ணணும். பழுதான சென்சார் "எல்லாம் ஓகே"ன்னு பச்சை காட்டிக்கிட்டே இருந்தா, சென்சாரே இல்லாததைவிட மோசம்.

சரி, என் நண்பனுக்கு என்ன பதில்?

தினசரிச் சோதனைக்கு ஷிஃப்ட் ஆரம்பத்துல பத்து நிமிஷம் போதும். ஹூக், லாட்ச், கண்ணுக்குத் தெரியுற ரோப், பட்டன் சொல்ற திசையில கிரேன் போகுதா, லிமிட் சுவிட்ச், பிரேக், எமர்ஜென்சி ஸ்டாப், ஹாரன், தண்டவாளத்துல ஏதாவது கிடக்கா. இது வருடாந்திரப் பரிசோதனைக்கு மாற்று இல்ல. ஆனா வருஷத்துக்கு ஒருநாள் மட்டும் வர்றவர், மீதி 364 நாள் நடந்ததை இந்தப் பதிவுகள் வழியாத்தான் பார்க்கிறார். ரோப்ல போன மாசம் 3 கம்பி, இந்த மாசம் 7 கம்பி என்றால், அடுத்த மாசம் என்ன ஆகும்னு அவருக்குப் புரியும். முப்பது நாளும் ஒரே பேனாவில் 'ஓகே' என்று இருந்தால் அவருக்கு ஒண்ணும் தெரியாது. லாக் ஃபைலில் பொய் எழுதினா, அப்புறம் எந்த டீபக்கரும் உதவாது.

"ஓடிக்கிட்டுதானே இருக்கு" என்பது சரியான வாதம் மாதிரி தெரியும். 216 கம்பியில 20 அறுந்தாலும் ரோப் ஓடத்தான் செய்யும். ரோப்போட சிறப்பே அது. ஓடுறதால பாதுகாப்புன்னு அர்த்தம் இல்ல, இன்னும் காலம் மிச்சம் இருக்குன்னு மட்டும்தான் அர்த்தம். எவ்வளவு மிச்சம்னு தெரிஞ்சுக்கத்தான் செக்லிஸ்ட்.

அவன்கிட்ட நான் சொன்னது இதுதான். முப்பது கையெழுத்து போடாதே. பார்க்காத நாளைக் காலியா விடு. காலிக் கட்டம் ஒரு உண்மையைச் சொல்லுது: அன்னிக்கு யாரும் பார்க்கலை. நாளையிலிருந்து பார்க்க பத்து நிமிஷமும், மேல ஏற ஒரு ஏணியும், கூட ஒரு எலக்ட்ரீஷியனும் வேணும்னு மெயிலா எழுதிக் கேளு. வாயால கேட்டது காத்துல போயிடும். 'லாட்ச் உடைஞ்சிருக்கு'ன்னு எழுதினா, தேதியோட, போட்டோவோட எழுது. பிரேக் இறங்குதுன்னா கிரேனை நிறுத்தி, மெயின் சுவிட்சைப் பூட்டி, டேக் மாட்டு.

சொல்றது சுலபம்னு தெரியும். வீட்டு லோன் இருக்கும், அப்ரைசல் இருக்கும். "நீ மட்டும் என்ன பெரிய இவனா?"ன்னு கேட்பாங்க. அவனும் அதைத்தான் சொன்னான். ஆனா பளு விழுந்தா விசாரணையில முதல்ல எடுக்கிறது அந்தப் பதிவேடுதான். அதுல இருக்கிறது மேனேஜர் சொன்ன வார்த்தை இல்ல, இவன் கையெழுத்து. அதைவிடப் பெருசு, கீழே நிற்கிற ஹெல்ப்பர் அந்தக் கையெழுத்தை நம்பித்தான் நிற்கிறார். அவருக்கு லே நீளம் தெரியாது. "இன்ஜினியர் சார் பார்த்திருப்பார்" என்பது மட்டும்தான் தெரியும்.

கிரேன் இருக்கிற இடத்துல வேலை பார்க்காதவங்களுக்கும் ரெண்டு விஷயம். ஒண்ணு, தொங்குற பளுவுக்குக் கீழே நிக்காதீங்க, நடக்காதீங்க. மெட்ரோ தடுப்பு ஓரம் ஷார்ட்கட் எடுக்கிறவங்களுக்கும் சேர்த்துத்தான். ரெண்டு, உங்க வீட்ல யாராவது ஷாப் ஃப்ளோரில் வேலை பார்த்தா, "உங்க கிரேனைக் கடைசியா எப்போ டெஸ்ட் பண்ணாங்க?"ன்னு இன்னிக்கு சாப்பிடும்போது கேளுங்க. வேலை இடத்துப் பாதுகாப்பு பற்றிய தகவலைக் கேட்டு வாங்குறது தொழிலாளியோட உரிமை. தேதி கிரேன் மேலேயோ பதிவேட்டிலேயோ இருக்கணும். அவங்களுக்குத் தெரியலைன்னா, அடுத்த நாள் போய்ப் பார்க்கச் சொல்லுங்க.

நண்பன் போன வாரம் மெயில் அனுப்பிட்டான். ஏணி வந்திருக்கு, எலக்ட்ரீஷியன் இன்னும் வரலை. கட்டங்கள் சிலது காலியா இருக்கு. என்ன ஆச்சுன்னு அப்புறம் சொல்றேன்.

அடுத்த எபிசோடில் பாய்லர். உங்க ஷாப்ல நடக்கிற கதை ஏதாவது இருந்தா வாய்ஸ் நோட் அனுப்புங்க, பேர் சொல்ல மாட்டேன். மேல பார்த்து நடங்க.